இயலும் இயமும்: சூழலியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் இயற்கை பற்றிப் பேசி வருகிறவன் நான். பேச்சு முடிந்ததும் வரும் கேள்விகளில் பாதி இரண்டு சொற்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன: சூழலியல், சூழலியம். கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காததால் குளங்களும் புல்வெளிகளும் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சூழலியல் என்றால் என்ன?

உயிர்கள் தங்களுக்குள்ளும், தாம் வாழும் இடத்தின் மண், நீர், காற்று, வெயிலோடும் கொண்டிருக்கும் உறவை ஆராயும் அறிவியல். 1866-இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இதற்குப் பெயர் வைத்தார். வீடு என்று பொருள்படும் 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் அந்தப் பெயருக்கு வேர். பொருளாதாரத்துக்கு மேலை மொழிகளில் வழங்கும் பெயருக்கும் அதே சொல்தான் வேர்.

வரையறையை விட ஒரு காட்சி தெளிவாகச் சொல்லும். மேய்ச்சல் நிலத்தில் மாடு சாணம் போடுகிறது. ஆறுவதற்குள் ஈ வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் சாணி வண்டுகள் வந்து உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு போகின்றன. சில, சாணத்துக்கு அடியிலேயே துளையிட்டு அதை மண்ணுக்குள் இறக்குகின்றன. மறுநாள் கொண்டலாத்தி வந்து அலகால் கிளறிப் புழு தேடுகிறது. அடுத்த மழைக்கு அந்த இடத்தில் புல் மற்ற இடத்தை விடக் கருகருவென்று எழுகிறது. இதைப் பார்த்து 'ஆகா' என்பது ரசனை. எத்தனை வண்டு வந்தது, எவ்வளவு சாணம் மண்ணுக்குள் போனது, மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால் வண்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டு, எண்ணி, ஒப்பிட்டுப் பார்ப்பது சூழலியல். (அந்த மருந்துகளில் சில சாணத்தோடு வெளியேறி வண்டின் புழுக்களைக் கொல்லும் என்பது இப்படி எண்ணிப் பார்த்துத்தான் தெரியவந்தது.)

அப்படியானால் சூழலியம்?

தமிழ் இங்கே நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. இயற்பியல், உயிரியல், புவியியல் என்று 'இயல்' சேர்ந்தால் அது ஒரு துறை. மார்க்சியம், பெண்ணியம், பெரியாரியம் என்று 'இயம்' சேர்ந்தால் அது ஒரு கொள்கை, ஒரு நிலைப்பாடு. சூழலியல் 'என்ன நடக்கிறது' என்று கேட்கிறது. சூழலியம் 'என்ன செய்ய வேண்டும், யாருக்காக, எதை விட்டுக்கொடுத்து' என்று கேட்கிறது. இரண்டும் நேர்மையான கேள்விகள். ஆனால் ஒன்றின் பதிலை மற்றதன் பதிலாகக் காட்டக் கூடாது.

செய்திகளில் போராடுகிறவர்களையும் 'சூழலியலாளர்' என்கிறார்களே?

தவறுதான், ஆனால் பெரிய குற்றமில்லை. 'சூழல் ஆர்வலர்', 'சூழல் செயற்பாட்டாளர்' என்ற நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். அவர் எப்போது எதுவாகப் பேசுகிறார் என்பதைக் கேட்பவருக்குச் சொல்லிவிட்டுப் பேசினால் போதும்.

'இயற்கையின் சமநிலை' என்பது அறிவியல் உண்மைதானே?

மேடைகளில் அதிகம் கேட்கும் தொடர் இது. சூழலியலுக்குள் இதைப் பற்றி நூறாண்டுச் சண்டை நடந்திருக்கிறது.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் ஒரு கருத்தை விரிவாக முன்வைத்தார். ஒரு நிலத்தின் தாவரக் கூட்டம் முழுவதும் ஓர் உடல் போன்றது. குழந்தையாகப் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்த நிலையை அடைந்து அங்கேயே நிற்கும் என்றார். 1926-இல் இன்னோர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹென்றி கிளீசன் இதை மறுத்தார். ஒவ்வொரு செடியும் தனக்கு ஒத்துவரும் இடத்துக்குத் தன் வழியில் வருகிறது, கூட்டமாகத் தெரிவது அந்த வருகைகள் ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் என்றார். அப்போது அவரைக் கேட்பார் இல்லை. பிறகு வந்த கள ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்ந்தன. 1935-இல் இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லியும் 'முழுக் காடும் ஓர் உடல்' என்ற பேச்சை ஏற்கவில்லை. உயிரையும் உயிரற்றதையும் சேர்த்துப் பார்க்க 'சூழல் மண்டலம்' என்று நாம் இன்று சொல்லும் கருத்துக்கு அவர்தான் பெயர் தந்தார்.

இன்றைய சூழலியலில் வெள்ளம், தீ, மேய்ச்சல், புயல் எல்லாம் வெளியிலிருந்து வந்த கேடுகள் என்று மட்டும் எண்ணப்படுவதில்லை. பல நிலங்கள் அவற்றால்தான் அந்த நிலங்களாக இருக்கின்றன. நம் கண்மாயையே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிறையும். பங்குனியில் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கும். அந்தக் குட்டையில் சிக்கிய மீனுக்காக மஞ்சள்மூக்கு நாரைகள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டுத் துழாவும். சித்திரையில் வெடித்த தரையில் ஆடு மேயும், வண்டல் அள்ளுவார்கள். வற்றுவதும் கண்மாயின் வாழ்க்கைதான். 'ஆண்டு முழுவதும் நீர் ததும்ப வேண்டும்' என்று கரையைச் செங்குத்தாக வெட்டி, ஆழப்படுத்தி, நடைபாதை போடும்போது, காலளவு நீர் தேவைப்படும் பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. ஏரியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு இது நடப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கொள்கை அறிவியலை முந்திக்கொண்டு போனதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் கானா. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்நிலம் அது. தானாக அமைந்ததும் அல்ல. பரத்பூர் மன்னர்கள் கட்டிய அணையாலும் வாய்க்கால்களாலும் உருவாகி வளர்ந்தது. அரச குடும்பமும் ஆங்கிலேய விருந்தினர்களும் அங்கே வாத்து வேட்டை ஆடினார்கள். 1938-இல் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அந்த இடத்தைப் பறவைகளின் புகலிடமாக மாற்றப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1980-களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவானது.

தேசியப் பூங்கா என்றால் அதற்குள் கால்நடை மேயக் கூடாது. சட்டமும் அப்படித்தான் சொன்னது, பறவைகளை நேசித்த பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 1982-இல் சுற்றியிருந்த ஊர்களின் எருமைகள் நிறுத்தப்பட்டன. மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதே காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நீண்ட கால ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. எருமைகள் போன பிறகு, நீரில் படரும் பாஸ்பாலம் என்ற புல்லை மேய ஆளில்லை. அது நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் சுருங்கியது, மீனுக்கு இடையூறானது, நீர்ப்பறவைகள் பலவற்றின் வருகை பாதிக்கப்பட்டது. எருமைதான் அந்த நீர்நிலத்தைத் திறந்து வைத்திருந்தது என்பது ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்த பிறகு புலப்பட்டது. பின்னர் ஊர் மக்களையே புல் அறுத்துக்கொண்டு போக அனுமதித்தார்கள்.

மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பறவைகள் மீது அவர்களுக்கு உண்மையான அன்பு இருந்தது. 'மனிதனும் மாடும் விலகினால் இயற்கை தானே சரியாகிவிடும்' என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது ஓர் 'இயம்'. அதை 'இயல்' என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் எருமை என்ன செய்கிறது என்ற கேள்வி, தடைக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு வரவில்லை. அதையும் மேய்ச்சல் தடையின் கணக்கில் சிலர் எழுதுகிறார்கள். அவை வரும் வழியெல்லாம் வேட்டை நடந்தது. காரணத்தின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. நம் வாதத்துக்கு வசதி என்பதற்காக ஒரு கொக்கைக்கூடக் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது.

மரம் நடுவதில் என்ன தவறு இருக்க முடியும்?

இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்ள ஓர் ஆள்காட்டிக் குருவி தேவைப்பட்டது.

கல்லூரி நாள்களில் நண்பர்களோடு மரக்கன்று நடப் போனேன். ஆனி மாதம். ஊருக்கு வெளியே மேய்க்கால் புறம்போக்கு. முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், இடையிடையே சரளைக் கற்கள் கிடந்த வெட்டவெளி. 'வெறும் தரிசு' என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. குழி வெட்டத் தொடங்கியதும் இரண்டு ஆள்காட்டிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்" என்றார். என் மண்வெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நான்கு முட்டைகள். கூடு என்று எதுவும் கிடையாது. தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் கூழாங்கல். முட்டையும் கல் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இருந்தது. அவர் காட்டியிருக்காவிட்டால் நான் அதன் மேலேயே நின்றிருப்பேன். அன்று எத்தனை முட்டைகள் எங்கள் குழிகளுக்குள் போயின என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை, நல்ல காரியம் செய்துகொண்டிருந்தோம்.

புல்வெளி என்பது காடாக மாறத் தவறிய நிலம் இல்லை. நீலகிரியின் உயர்ந்த மலைகளில் சோலைக் காடு பள்ளங்களில் ஒடுங்கியிருக்கும், மேடெல்லாம் புல். மரம் வெட்டியதால்தான் புல் வந்தது என்று பலர் நினைத்தார்கள். அங்குள்ள சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கலில் (மக்கிய செடிகளின் படிவில்) உள்ள கரிமத்தை ஆராய்ந்தால், அது புல்லிலிருந்து வந்ததா மரத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியும். அந்தப் புல்வெளிகள் பல ஆயிரம் ஆண்டுகள் பழையவை என்று அது காட்டியது. குளிர்கால இரவுகளில் விழும் உறைபனி, திறந்த மேட்டில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதும் புல் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். தோடர்களின் எருமை அங்கேதான் மேய்ந்தது. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலியும் அந்தப் புல்லை நம்பியே வாழ்கின்றன.

ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வெற்றிடம். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வந்து சேர்ந்தன. விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அவற்றை நட்டோம். சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை மண்ணில் கிடந்து, பக்கத்துப் புல்வெளிக்குள் தானே நடந்து போனது. இன்று உதகைக்குப் போகிறவர் அந்த மரக்கூட்டத்தைப் பார்த்து 'என்ன பசுமை!' என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பசுமை என்றால் மரம் என்றுதான் நம் பாடப் புத்தகமும் சுவரொட்டியும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காடோ மரமோ இருக்க வேண்டும் என்று 1988-இன் தேசிய வனக் கொள்கையும் இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை எட்ட எந்த நிலம் முதலில் கையில் கிடைக்கும்? தரிசு என்று பெயர் எழுதப்பட்ட புல்வெளிதான்.

கடற்கரையிலும் இதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் மணல்மேட்டில் சவுக்கு நட்டார்கள். அலையைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. மணல்மேடும், அதைப் பிடித்து வைத்திருக்கும் அடம்புக் கொடியும், ராவணன் மீசைப் புல்லும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. பங்குனி ஆமை முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். சவுக்குத் தோப்புக்குள் அதனால் குழி தோண்ட முடியாது.

மரம் நடுங்கள். வெட்டப்பட்ட சாலையோரத்தில், அழிந்த காட்டில், பள்ளி வளாகத்தில், அந்த இடத்துக்குரிய மரமாகப் பார்த்து நடுங்கள். அதற்கு முன் அந்த இடத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பருவமாவது பாருங்கள்.

சீமைக் கருவேலத்தை வேரோடு ஒழிக்க வேண்டும் என்பதாவது சரிதானே?

அது அயல் நிலத்து மரம், வேகமாகப் பரவுகிறது, கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைக்கிறது, ஆழமாக வேர்விட்டு நீரை எடுக்கிறது. இவ்வளவும் உண்மை. 'காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்', 'அதனடியில் உட்கார்ந்தால் மூச்சுத் திணறும்' என்று கைப்பேசியில் சுற்றுபவை கட்டுக்கதைகள். உண்மையான கேடு கையில் இருக்கும்போது பொய்க் கேட்டைச் சேர்த்தால், பொய் வெளிப்படும் நாளில் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. மாவட்டம் தோறும் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டிய கட்டை துளிர்க்கும், ஆடு தின்று போட்ட புழுக்கையிலிருந்து விதை முளைக்கும். ஒரே மூச்சில் முடிகிற வேலை அல்ல அது. ராமநாதபுரம் பக்கத்துப் பறவைக் கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் மரங்களில் இதுவும் ஒன்று. அங்கே நாட்டுக் கருவேலம் வளர்ந்து நிற்கும் முன் இதை வெட்டினால் கூடு கட்ட மரம் இருக்காது. விறகும் கரிமூட்டமுமாக இதை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. எந்த இடத்தில், எந்த வரிசையில், பதிலாக எதை வளர்த்துக்கொண்டு அகற்றுவது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இப்படியே சொன்னால் சூழலியமே வேண்டாம் என்று ஆகிவிடாதா?

இல்லவே இல்லை. பாறுக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் அவை நாடு முழுவதும் மடிந்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்ற நிலை வந்தது. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004-இல் ஆய்வு வெளிவந்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே அந்த அளவு அழிவுக்குப் போதும் என்றும் கணக்கிட்டார்கள். அறிவியல் அதோடு தன் வேலையை முடித்துவிட்டது. 'ஆகவே பாறு வாழ வேண்டும், மருந்து விற்பனை போனால் போகட்டும்' என்று அந்தக் கணக்கில் எங்கும் எழுதியிருக்காது. அதைச் சொல்லவும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவும், மாற்று மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கவும் பாறுக் கழுகுகளை நேசித்தவர்கள் வேண்டியிருந்தது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தயாரிக்கத் தடை வந்தது. இன்றும் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு வட்டமிடுகிறது என்றால், இயலும் இயமும் சேர்ந்து உழைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் அப்படித்தான். குந்திப்புழையின் குறுக்கே வரவிருந்த மின் அணையை எதிர்த்துக் கவிஞர்கள் பாடினார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு மின்கணக்கையும் காட்டுக்கணக்கையும் எழுதி வெளியிட்டது. இரண்டும் சேர்ந்ததால் அணை கைவிடப்பட்டது, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

'ஆழ்சூழலியல்' என்கிறார்களே, அது எதில் சேரும்?

பெயரில் 'இயல்' இருந்தாலும் அது தத்துவம். 1973-இல் நார்வே நாட்டுத் தத்துவ அறிஞர் ஆர்னே நெஸ் முன்வைத்தது. மனிதருக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்பது அதன் அடிப்படை. அது எனக்கு உடன்பாடுதான். ஆனால் 1989-இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் தலைவணங்குகிறேன்: மனிதரே இல்லாத தூய காடு என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவில் இறக்கினால், அந்தக் காட்டில் வாழும் ஏழைதானே வெளியேற்றப்படுகிறார்? 1974-இல் உத்தராகண்டின் ரேணி ஊரில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார்கள். அந்தக் காட்டில்தான் அவர்களுக்கு விறகும் தழையும் கிடைத்தன. மலைச்சரிவு ஊர் மேல் சரிந்து விழாமல் அது காத்தது. அதுவும் சூழலியம்தான். ஒரே ஒரு சூழலியம் உலகில் இல்லை.

நம் ஐந்திணையே சூழலியல்தானே? ஹெக்கலுக்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோமே?

பெருமையோடு கேட்கிறார்கள். முதல், கரு, உரி என்று பிரித்து, நிலத்தையும் பொழுதையும் அங்குள்ள மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் வைத்த தொல்காப்பிய மரபு வியப்புக்குரியதுதான். நிலத்தைக் கூர்ந்து பார்க்காதவர்களால் அதை ஆக்கியிருக்க முடியாது. ஆனால் அது கவிதைக்கான இலக்கணம். அகப்பாடலில் எந்த உணர்வு எந்த நிலத்தில் நிற்கும் என்று சொல்ல வந்தது. குருகு ஏன் நெய்தலில் குறைகிறது என்று சோதித்துப் பார்ப்பது அதன் வேலை அன்று. அதைச் சூழலியல் என்று சொல்லித்தான் அதற்கு மதிப்புத் தேட வேண்டும் என்றில்லை. மேய்ச்சல் நிலத்துக்கு முல்லை என்று ஒரு பூவின் பெயரைச் சூட்டியவர்கள், அதைத் தரிசு என்று எழுதவில்லை. எனக்கு அதுவே போதும்.

நான் எங்கே தொடங்குவது?

நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளக்கரை, மயானத்தை ஒட்டிய புல்தரை, புறம்போக்கு, எதுவும் சரி. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் போய் நில்லுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். தேதி, நீர் எந்தக் கல் வரை நிற்கிறது, என்ன பூத்திருக்கிறது, எது எதைத் தின்கிறது, யார் ஆடு ஓட்டி வருகிறார்கள் என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், பாதிப் பெயர் அவரிடமே கிடைத்துவிடும். இரண்டு மழைக்காலம் கடந்தால் அந்த இடத்தைப் பற்றி எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணம் உங்கள் கையில் இருக்கும். பிறகு ஒருநாள் யாராவது ஆயிரம் கன்றுகளோடு வந்து இறங்கும்போது அந்த நோட்டைத் திறந்து காட்டலாம். 'பங்குனி 20, வேலிக்குக் கிழக்கே இருபது அடியில் ஆள்காட்டி முட்டை, நான்கு' என்று அதில் எழுதியிருந்தால், குழியை வேறு எங்கே வெட்டுவது என்ற பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.